கறார் கையால் சாவு

என் வீட்டுக்காரர் இதுவரை முப்பது பேருக்கு மேல் கொன்றிருக்கிறார். அதில் நான் இரண்டு தடவை. முதல் தடவை காற்று தீர்ந்து, இரண்டாவது தடவை சூடு தாங்காமல். இரண்டு தடவையும் கணக்கு சுத்தமாக இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

பயப்பட வேண்டாம், எல்லாம் காகிதத்தில்தான். மனுஷன் அறிவியல் கதை எழுதுகிறவர். அறிவியல் கதை என்றதும் பச்சை நிறத்தில் ஒரு ஆள், நினைத்த மாத்திரத்தில் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும் கப்பல் என்று நினைத்துக்கொண்டு யாராவது அவரிடம் பேசப் போனால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். அவர் கதையில் ஒளியை விட வேகமாக எதுவும் போகாது. எரிபொருள் தீரும். ஒரு கேள்வி கேட்டால் பதில் வந்து சேர வருஷக்கணக்கில் ஆகும். போன கப்பல் பாதி வழியில் திரும்பாது. திரும்புவதற்கு வேண்டிய எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அந்த எடையைத் தூக்குவதற்கே மேலும் எரிபொருள் வேண்டுமாம், அதைத் தூக்க இன்னும் வேண்டுமாம். இதை எனக்குக் கல்யாணமான முதல் வாரத்தில் விளக்கினார். புதுப் பெண்டாட்டியிடம் பேச மனுஷனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை.

வாசகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கறார்'. கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், கோபம் அடிக்கடி வரும்.

கதை எழுதி வயிறு நிறையுமா? ஓய்வு பெறும்வரை அவர் கொதிகலன் பரிசோதகர். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், ஒவ்வொரு கொதிகலனையும் தட்டிப் பார்த்து, அழுத்தம் ஏற்றிப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று கையெழுத்துப் போடுவது வேலை. முதலாளிகள் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், அழக்கூட அழுவார்கள். "நான் தப்பா கையெழுத்துப் போட்டா பக்கத்துல நிக்கிறவன் வெந்துடுவான்" என்று ஒரே பதில். பிடித்த பிடியில் நிற்பார். வேலைக்குப் போகும் முன் காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவார். முதலில் கணக்கு, பிறகுதான் கதை. கணக்கு ஒத்து வராவிட்டால் எவ்வளவு அழகான கதையாக இருந்தாலும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். அப்படி எத்தனை கதைகளை நான் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் படித்து, ஐயோ பாவம் என்று நினைத்திருக்கிறேன்!

ஆரம்பத்தில் பத்திரிகைக்காரர்கள் அவரைச் சீந்தவில்லை. காதல் எங்கே, வில்லன் எங்கே என்று கேட்டார்கள். "ஈர்ப்பு விசையை விட என்ன பெரிய வில்லன் வேணும்?" என்று இவர் கேட்டார். கடைசியில் ஒரு பதிப்பாளர் மாட்டினார். எதற்கும் 'அவசரம் சார், அவசரம்' என்பது அவர் வழக்கம், அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு அவசரம் என்றே பெயர். புத்தகங்கள் மெல்ல மெல்ல ஓட ஆரம்பித்தன. இவர் கதையில் ஆட்கள் அழ மாட்டார்கள், கட்டிப்பிடிக்க மாட்டார்கள், சாகும்போதுகூட மீட்டரைப் பார்த்துக்கொண்டே சாவார்கள் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கொலைப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவள் நான்தான்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. முதல் நாவல் அச்சாகி வந்ததும் கடையில் உட்கார்ந்து படித்தேன். எடையே இல்லாத கப்பலில் ஒரு டாக்டர் குனிந்து யோசித்துக்கொண்டிருக்கிறார், அவருடைய கண்ணாடி மெல்ல மூக்கில் வழுக்கி இறங்குகிறது என்று எழுதியிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஏங்க, எடையே இல்லாத இடத்துல கண்ணாடி எப்படிங்க மூக்குல இறங்கும்? என் கடைக்கு வர்ற ஜனங்க நாள் பூரா இறங்குது இறங்குதுன்னு அதைத்தான் புலம்பறாங்க. அங்க போனா என் பொழப்பே படுத்துடும்போல இருக்கே!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். எனக்கே பாவமாகப் போயிற்று. பிறகு உள்ளே வந்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அடுத்த நாவலில் கண்ணாடிக் கடைக்காரி ஒருத்தி வந்தாள், மூன்றாம் அத்தியாயத்திலேயே மூச்சு முட்டிச் செத்தாள். போன நாவலில் பிழை கண்டுபிடித்ததற்குப் பரிசு என்று முன்னுரையில் காரணமும் எழுதிவிட்டார்.

வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கறார் புத்தகத்தில் ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடித்தால் அடுத்த புத்தகத்தில் நம் பெயரில் ஒரு ஆள் வருவான், அவனைக் கறார் கணக்குப் பிசகாமல் கொல்வார். இதற்கு ஒரு கூட்டமே அலைந்தது. லாரி ஓட்டுகிறவர், கல்லூரி வாத்தியார், பல் டாக்டர் என்று யார் யாரோ. "அக்கா, நான் அஞ்சாவது புத்தகத்துல செத்தவன்" என்று கடையில் வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். செத்தவர்களுக்கு நான் கண்ணாடி விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பேன்.

ஆனால் அவ்வளவு சுலபமாகச் சாக முடியாது. சொன்ன பிழையை அவர் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பார். சொன்னவர் தவறென்றால், எந்த வரியில் தவறினார் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கடித உறையில் போட்டு அனுப்புவார். சொன்னது சரியென்றால் தபால் அட்டையில் இரண்டே வரி: 'நீங்கள் சொன்னது சரி. அடுத்த நூலில் சாவீர்கள்.' அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவு பேரைக் கொன்றாரே, பெற்ற பிள்ளையைத்தான் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமலே விரட்டிவிட்டார்.

எங்களுக்கு ஒரே பையன். சின்ன வயதில் அப்பா எழுதும் மேசைக்குக் கீழேயே தூங்குவான். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு கதை எழுதினான். கப்பல் ஒன்று, கிரகத்தில் தவறிப்போய் விட்டுவிட்டு வந்த ஒரே ஒரு ஆளுக்காகப் பாதி வழியில் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான் கதை. நான் படித்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். பையன் அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அன்று முழுவதும் வீட்டுக்குள் காரணமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாள் காலை அவர் திருப்பிக் கொடுத்தார். ஓரமெல்லாம் சிவப்பு மை. கடைசியில் தனித் தாளில் கணக்கு: எரிபொருள் போதாது, திரும்ப முடியாது.

"கதை எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டான்.

"அதான் எழுதியிருக்கேனே" என்றார்.

பையன் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான். படிப்பு முடிந்ததும் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனான், போனவன் போனவன்தான். பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எனக்குக் கடைக்குப் போன் செய்வான். எப்போதாவது நேரிலும் வருவான், கடைக்கு மட்டும். ஒரு டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுப் போவான். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவன் கேட்க மாட்டான், நானாகச் சொல்வேன், கேட்டுக்கொள்வான். என்ன வேலை தெரியுமா? கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறான். இதற்கு எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கதையைப் பற்றி இவரிடம் அப்போதே கேட்டேன். "நல்லாத்தான் இருந்தது. நல்லா இருக்கறதை எதுக்குச் சொல்லணும்? தப்பைத்தான் சொல்லணும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த தட்டை வீசியிருப்பேன், தட்டு நல்ல தட்டு என்பதால் விட்டுவிட்டேன்.

போன வருஷம் அவர் இனி ஒரே ஒரு நாவல்தான் என்று சொல்லிவிட்டார். கண் களைத்துப் போகிறது, கணக்குப் போட நேரமாகிறது என்றார். அவசரம் சும்மா இருப்பாரா? கறாரின் கடைசி நாவல் வருகிறது, அதற்கு முன் அவருடைய புகழ்பெற்ற 'சக்கரக் கப்பல்' மறுபதிப்பாக வருகிறது, பிழை கண்டவர்கள் உடனே எழுதுங்கள், சாவதற்கு இது கடைசி வாய்ப்பு என்று விளம்பரம் போட்டார். மின்னஞ்சல்கள் குவிந்தன. எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். மேலாக இருந்த ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், இதை முதல்ல பாருங்க" என்றார், வழக்கமான அவசரம் இல்லாமல்.

கீழே எங்கள் பையனின் பெயர் இருந்தது.

'சக்கரக் கப்பல்' பையன் கைக்குழந்தையாக இருந்தபோது எழுதியது. விண்வெளியில் எடை கிடையாதே, அதனால் கப்பலைப் பெரிய சக்கரமாகக் கட்டிச் சுழற்றிவிடுகிறார்கள். அது சுழலுவதால் விளிம்பின் உள்பக்கம் நிற்பவர்களுக்குக் கால் தரையில் பதியும். ஆனால் ஏணியில் ஏறி எதையாவது நழுவவிட்டால் அது நேர் கீழே விழாது. விழுந்து முடிப்பதற்குள் தரை கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடும், பொருள் பின்னால் தள்ளி விழும். கதையில் ஒரு மெக்கானிக் ஏணி உச்சியில் வேலை பார்க்கிறான். ஏணிக்கு நாலடி தள்ளி அவனுடைய குழந்தை தரையில் தூங்குகிறது. கையிலிருந்து கனமான ஸ்பேனர் நழுவுகிறது. அவனால் ஒன்றும் செய்ய முடியாது, மனசுக்குள் கணக்கு மட்டும் போடுகிறான். ஸ்பேனர் குழந்தைக்கு மேலாகப் போய் ஆறடியில் விழுகிறது, குழந்தை புரண்டு படுக்கிறது. கறார் எழுதியதிலேயே ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். அழுதேன் என்று சொன்னவர்கள்கூட உண்டு.

பையன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அந்த அளவுச் சக்கரத்தில் ஸ்பேனர் ஆறடியில் விழாது, நாலடியில்தான் விழும், அதாவது குழந்தையின் தலையில். பிறகு கணக்கு. அப்பா என்ற வார்த்தை எங்கும் இல்லை, ஐயா என்றிருந்தது.

என் பிள்ளை இத்தனை வருஷமாக இவருடைய எல்லாப் புத்தகத்தையும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்! கடைசி வாய்ப்பு என்றதும் எழுதிவிட்டான். யார் யாரையோ கொன்றீர்களே, என்னையும் கொல்லுங்கள் என்று வந்து நிற்கிறான். இதைவிடப் பிள்ளை எப்படிக் கேட்பான்? நான் மறுநாள் கடையில் வந்தவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினேன். ஒரு ஆளுக்கு இடது கண் நம்பரை வலது கண்ணில் எழுதிவிட்டேன், நல்லவேளை அவரே பார்த்துச் சொன்னார்.

இவர் மேசையில் உட்கார்ந்து பென்சிலும் தாளுமாகக் கணக்குப் போட்டார். திரும்பப் போட்டார். நான் டீ வைத்தேன், ஆறிப்போனது, எடுத்துக்கொண்டு போய் வேறு வைத்தேன். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தப்பு அவனோடது" என்றார்.

"என்னது?"

"சக்கரம் இருநூறடின்னு போட்டிருக்கேன். ஒரு விளிம்புல இருந்து எதிர் விளிம்புக்கு. அவன் அதை நடு மையத்துல இருந்து விளிம்புக்குன்னு எடுத்துக்கிட்டான். சக்கரம் ரெண்டு மடங்கு பெருசாயிடுச்சு. அதான் நாலடி வருது. ஸ்கூல் பையன் பண்ற தப்பு."

"சரி, இருக்கட்டும். ஒத்துக்கோங்க."

"எதை?"

"நீங்கதான் தப்புன்னு ஒத்துக்கோங்க. வழக்கமா போடற ரெண்டு வரி, ஒரு அட்டை. குடியா முழுகிப் போகும்?"

அவர் என்னை ஏதோ வேற்று மொழி பேசுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒத்துக்கிட்டா மறுபதிப்புல மாத்தணும். சரியா இருக்கறதை எடுத்துட்டுத் தப்பை எழுதணும். மேல என் பேரு இருக்கும்."

"பேரு! அந்தப் பேரை வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க, நாக்கு வழிக்கவா?"

"கொதிகலனா இருந்தா..."

"இது கொதிகலன் இல்லைங்க! புத்தகம்! இதுல யாரும் வெந்து சாகப் போறதில்ல. இந்த வீட்டுல வெந்துக்கிட்டு இருக்கறது நான் ஒருத்திதான்!"

பக்கத்து வீட்டில் ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது. மூடட்டும் என்று இருந்தேன்.

"எனக்கு என் பிள்ளை வேணும்" என்றேன். "அவன் என்னைப் பாக்க கடைக்கு வர்றான், ஏதோ கண்ணாடி வாங்க வர்றவன் மாதிரி. எனக்கு அவன் இந்த வீட்டுக்குள்ள வரணும். நீங்க பக்கம் பக்கமா எழுதி, மூணாவது வரியில தப்புன்னு அனுப்பினீங்கன்னா, அவன் இனிமே ஜென்மத்துக்கும் வர மாட்டான். அதுக்கு அப்புறம் நீங்களும் உங்க இருநூறடிச் சக்கரமும் இங்க தனியா சுத்திக்கிட்டு இருங்க."

அவர் ஸ்பேனர் போன கோடு வரைந்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தெரியும், தலைகீழாக நின்றாலும் அவரால் இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லத் தெரிந்திருந்தால் எப்போதோ பணக்காரர் ஆகியிருப்பார், எத்தனையோ முதலாளிகள் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அந்த நேர்மையை வைத்துத்தான் நான் அவரை மதித்தேன், அன்றைக்கு அதையே வைத்துத்தான் வெறுத்தேன்.

அந்த வாரம் கடையிலிருந்து வந்ததும் கேட்டேன். "அவனுக்கு அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"எதை?"

"அனுப்ப வேண்டியதை."

அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். சாப்பாட்டை மேசையில் வைப்பேன், சாப்பிட்டால் சாப்பிடட்டும் என்று உள்ளே போய்விடுவேன். அவர் கடைசி நாவலை எடுத்து வைத்துக்கொண்டு காலையில் உட்காருவார். நான் கடைக்குக் கிளம்பும்போது தாள் எப்படி இருந்ததோ, திரும்பி வரும்போதும் அப்படியே வெள்ளையாக இருக்கும். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். பையனும் கடைக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, என்னவென்று பேசுவது?

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் பையன்.

தோளில் பை, கசங்கிய சட்டை, தூக்கம் இல்லாத கண். "வாடா" என்று மட்டும் சொன்னேன். அவன் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அப்பா எங்க?"

"குளிக்கிறார்."

சட்டென்று என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். "அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லு."

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையேடா."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா? பேச்சு குழறுதா? பேரெல்லாம் மறந்து போறாரா?"

"என்னடா உளர்றே?"

"அம்மா, நான் எழுதினது தப்பு. அனுப்பின மறுநாளே தெரிஞ்சு போச்சு. சக்கரத்தோட அளவைத் தப்பா எடுத்துக்கிட்டேன். எழுதியே இருக்கக் கூடாதுன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். சரி, ஒரு கட்டுக் காகிதம் வரும், வரி வரியா என்னைக் கிழிச்சிருப்பார், வாங்கிக் கட்டிக்கலாம்னு இருந்தேன். அதுக்குப் பதிலா இது வந்துது." சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தான். "அப்பாவாவது, இதைக் கவனிக்காம விடறதாவது! நல்லா இருந்தா அவரு கண்ணுக்கு இது தப்பவே தப்பாது. கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வர்றேன்."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். இவருடைய கையெழுத்துதான், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. 'நீங்கள் சொன்னது சரி. அடுத்த நூலில் சாவீர்கள்.' இத்தனை நாள் இந்த மனுஷனுக்குச் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேனே, ஒரு வார்த்தை சொன்னாரா பாவி!

குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் பையனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பையன் எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. டாக்டர் நோயாளியிடம் கேட்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.

"அப்பா, அந்தச் சக்கரம் எத்தனை அடி?"

"இருநூறு."

"எங்கேருந்து எங்க?"

"விளிம்புல இருந்து விளிம்புக்கு. நீ மையத்துல இருந்துன்னு எடுத்துக்கிட்ட. மூணாவது வரியில."

பையன் என்னைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமா?"

"போட்டுப் பாத்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சேவா அட்டை போட்டீங்க?"

"ஆமா."

"ஏன்பா?"

அவர் ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போட்டு, ஓரம் சரியாக இருக்கிறதா என்று இழுத்துவிட்டார். "போன தடவை சரியான கணக்கைத்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றார். "நீ வீட்டை விட்டுப் போயிட்ட."

பையன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"அந்தக் கதை நல்லா இருந்தது" என்றார் இவர், அதே குரலில். "கணக்கு தப்பு. கதை நல்லா இருந்தது."

"இப்பச் சொல்றீங்களா?" என்றான் பையன். கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு மேசையில் இருந்த வெள்ளைத் தாளைக் காட்டினான். "என்னை எழுதிட்டீங்களா? எப்படிச் சாகறேன்?"

"எழுத வரல. காத்து, சூடு, அழுத்தம், எல்லா வழியிலயும் போட்டுப் பாத்தாச்சு. கணக்குப்படி நீ செத்துடறே. எழுத உக்காந்தா கை ஓட மாட்டேங்குது."

முப்பது பேருக்கு மேல் கொன்ற மனுஷன் இதைச் சொன்னபோது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவருக்கே அது புரியவில்லை என்று தெரிந்தது. எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, பக்கத்தில் போய் நிற்கவும் தோன்றியது. பக்கத்தில் போய் நின்றேன்.

திடீரென்று பையன் எழுந்தான். "அப்பா, மறுபதிப்பு?"

"நாலடின்னு மாத்திக் கொடுத்துட்டேன். குழந்தையோட படுக்கையை ஏணிக்கு அந்தப் பக்கம் நகர்த்திட்டேன்."

"ஐயோ! அச்சுக்குப் போயிடுச்சா?"

"இன்னிக்கு மெஷின்ல ஏத்தறதா அவசரம் சொன்னார்."

"என்னப்பா நீங்க! அந்த இடத்துலயா கை வெச்சீங்க? உங்க புத்தகத்துலயே அது ஒண்ணுதான்பா... ஐயோ, எத்தனை பேருக்கு அது மனப்பாடம் தெரியுமா? எனக்கே மனப்பாடம்!" அவன் செல்போனை எடுத்து அவசரத்தின் எண்ணை என்னிடம் கேட்டான். எனக்குப் பதற்றத்தில் எண் மறந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்துக்கு மேலே அவசரம் கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சார், மெஷினை நிறுத்துங்க" என்றான் பையன். "அந்தத் திருத்தத்தை எடுத்துடுங்க. ஆறடிதான் சரி. முதல்ல எழுதினது எப்படி இருந்துதோ அப்படியே போகணும்."

"யார் சார் நீங்க? எழுதினவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார், நடுவுல நீங்க யாரு?"

பையன் அப்பாவைப் பார்த்தான். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"நான் அவரோட பையன் பேசறேன்" என்றான்.

கடையில் என்னைப் பார்க்க வரும்போது அங்கே வேலை செய்யும் பெண் யாரென்று கேட்டால் தெரிஞ்சவன் என்று சொல்கிறவன். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

அவசரம் நம்பவில்லை. போனை அவரிடம் கொடுங்கள், அவர் வாயால் கேட்டால்தான் நிறுத்துவேன் என்று கத்தினார். பையன் போனை நீட்டினான். இவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கம் "சார்? சார்? அவசரம் சார்!" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"நிறுத்திடுங்க" என்றார் கடைசியில். "என் பையன் சொல்றது சரி."